பைத்தான் 2-ஐ நீக்கப் போனால் டெஸ்க்டாப்பும் சேர்ந்து போகிறதா? எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

பஸ்டரில் இருந்து புல்ஸ்ஐ, அங்கிருந்து புக்வார்ம் என்று ஒரே டெபியன் லினக்ஸை வெளியீடு வெளியீடாக வருடக்கணக்காக அப்கிரேடு செய்துகொண்டே வந்தவர்களின் கணினியில் பைத்தான் நிரல்மொழியின் பழைய 2.7 பதிப்பு இன்னும் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு அதன் ஆதரவு முடிந்துவிட்டது, அந்த ஏப்ரலில் 2.7.18 என்று கடைசியாக ஒன்று வெளியிட்டார்கள், அதோடு சரி. 2021-இல் வந்த புல்ஸ்ஐயில், இன்னும் மாறாத சில மென்பொருள்களை பில்டு செய்ய வேண்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் அதை வைத்திருந்தார்கள். 2023-இல் வந்த புக்வார்மில் அது அடியோடு இல்லை. ஆனால் ரெப்போவில் (டெபியனின் மென்பொருள் கிடங்கில்) இல்லை என்பதற்காக உங்கள் டிஸ்கிலிருந்து தானாகப் போய்விடாது. பாதுகாப்புத் திருத்தமும் வராமல், கேட்பாரும் இல்லாமல் அங்கேயே கிடக்கும்.

அதை எடுக்கப் போகும்போது வரும் தொல்லைகளை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உபுண்டுக்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எதற்கும் முன்னால் ஒரு பழக்கம். நிஜமாக நீக்கும் முன், டெபியனில் மென்பொருளை நிறுவி நீக்கும் கருவியான ஆப்டின் ‘ஆப்ட்-கெட் ரிமூவ்’ கட்டளையில் ஒரு கோடு போட்டு சிறிய எஸ் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அது ஒத்திகை மட்டும்தான், ரூட் அனுமதிகூட வேண்டாம். எது எது போகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றிலும் பாதி இந்த ஒத்திகையின் அவுட்புட்டைப் பொறுமையாகப் படிப்பதுதான்.

ஒன்றை நீக்கச் சொன்னேன், நாற்பது போகும் என்கிறது

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் பயந்து ‘என்’ தட்டிவிட்டு வெளியே வருகிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்த நாற்பதையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்.

‘பைத்தான்-’ என்று, பக்கத்தில் 3 இல்லாமல், தொடங்கும் பெயர்கள் எல்லாம் பைத்தான் 2-க்கான நூலகங்கள். அவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம், வீட்டை இடிக்கும்போது ஜன்னலும் போகத்தான் செய்யும்.

அடுத்தது, நீங்கள் நிஜமாகவே பயன்படுத்தும் ஒரு மென்பொருள் பட்டியலில் வருவது. உதாரணத்துக்கு, மின்னூல்களை நிர்வகிக்கும் கேலிபர். பஸ்டரில் இருந்த கேலிபர் பைத்தான் 2-இல் ஓடியது. 2020-இல் வந்த 5-ஆம் பதிப்பில் பைத்தான் 3-க்கு மாறிவிட்டது, புல்ஸ்ஐயில் இருப்பது அந்தப் புதியதுதான். நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் மெர்க்யூரியலுக்கும் இதே கதை. அப்படியானால் அப்கிரேடு செய்த பிறகும் உங்கள் கணினியில் பழைய கேலிபர் ஏன் இருக்கிறது? பெரும்பாலும் நீங்கள் ‘ஆப்ட் அப்கிரேடு’ மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தியிருப்பீர்கள். அது எதையும் நீக்காது, ஏதாவது ஒன்றை நீக்கினால்தான் புதியது வரும் என்ற நிலை இருந்தால் பழையதை அப்படியே பிடித்து வைத்துவிட்டு ‘கெப்ட் பேக்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு’ ஓட்டுங்கள், ஒத்திகையோடுதான். பாதிப் பட்டியல் அங்கேயே கரைந்துவிடும். கரையவில்லை என்றால் ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ தட்டி, என்றைக்கோ எதற்கோ நீங்களே ஹோல்ட் போட்டு (மாற்றாதே என்று பிடித்து வைத்து) மறந்தது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒருமுறை இருந்தது.

மூன்றாவது வகைதான் வயிற்றைக் கலக்குவது: க்னோம் போன்ற மெட்டாபேக்கேஜ் பெயர் பட்டியலில் வருவது. மெட்டாபேக்கேஜுக்குள் கோப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது, ‘இவையெல்லாம் வேண்டும்’ என்று எழுதிய ஒரு சீட்டு, அவ்வளவுதான். அந்தச் சீட்டு போவதால் டெஸ்க்டாப் உடனே போகாது. ஆபத்து, வேண்டாதவற்றைத் தானாக நீக்கும் ‘ஆட்டோரிமூவ்’ கட்டளையை அடுத்து ஓட்டும்போது வரும், ஏனென்றால் சீட்டு போனதும் அதில் எழுதியிருந்தவை எல்லாம் யாருக்கும் வேண்டாதவை என்று கணக்காகிவிடும். அதனால் சீட்டை நீக்கும் முன்பே க்னோம்-ஷெல், ஜிடிஎம்3, நெட்வொர்க்-மேனேஜர் என்று உங்களுக்கு வேண்டியவற்றை ‘ஆப்ட்-மார்க் மேனுவல்’ போட்டுப் பத்திரப்படுத்திவிடுங்கள்.

பட்டியலில் இருக்கும் ஒன்று ஏன் பைத்தான் 2-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று புரியவில்லையா? ‘ஆப்ட்-கேஷ் ஆர்டிபெண்ட்ஸ்’ கட்டளையில் ‘இன்ஸ்டால்டு’ ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டினால், உங்கள் கணினியில் இருப்பவற்றில் யார் யார் இதைக் கேட்கிறார்கள் என்று வரும். ஆனால் அது ஒரு படி மட்டுமே காட்டும். சங்கிலி முழுவதும் வேண்டுமென்றால் ‘ஆப்டிட்யூட் ஒய்’ இன்னும் நல்லது: இது அதைக் கேட்டது, அது இதைக் கேட்டது என்று வரிசையாகச் சொல்லும். இதற்காகவே ஆப்டிட்யூடை நிறுவி வைத்திருக்கிறேன், மற்றபடி அதைத் தொடுவதில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வாதாடாமல் நிறுத்திவிடுங்கள். கணினி இயங்கவே அவசியமானவை நீங்கப் போகின்றன என்று எச்சரிக்கை வந்தால், அது பைத்தான் 2 சம்பந்தப்பட்டதே இல்லை, ரெப்போ பட்டியலில் இரண்டு வெளியீடுகள் கலந்துகிடக்கின்றன என்று அர்த்தம். பழைய ஆப்டில் ஒரு நீண்ட வாக்கியத்தைத் தட்டினால் அதையும் நீக்கிக் கொடுத்துவிடும். 2021 கடைசியில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள், இப்போது தனி ஆப்ஷன் கொடுத்தால்தான் நடக்கும். கொடுக்காதீர்கள். ‘எட்சி’ அடைவில் ஆப்டின் சோர்ஸஸ் பட்டியலைத் திறந்து, பழைய வெளியீட்டின் பெயர் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள்.

யாருமே பயன்படுத்தவில்லை, ஆனாலும் ஆட்டோரிமூவ் அதைத் தொட மறுக்கிறது

காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது, என்றைக்கோ நீங்களே கையால் நிறுவியது. ஆப்ட் அதை ‘மேனுவல்’ என்று குறித்து வைத்திருக்கும், நீங்கள் கேட்டு வாங்கியதை அது தானாகத் தூக்கிப் போடாது. ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்’ போட்டு அதில் பைத்தான் என்று வரும் வரிகளைத் தேடுங்கள், பிறகு ‘ஆப்ட்-மார்க் ஆட்டோ’ கொடுத்து அந்தக் குறியை எடுங்கள்.

இரண்டாவது பலருக்குத் தெரியாதது. ‘டிபெண்ட்ஸ்’ (கட்டாயம் வேண்டும்) மட்டுமல்ல, ‘ரெக்கமெண்ட்ஸ்’, ‘சஜெஸ்ட்ஸ்’ என்று வெறும் பரிந்துரையாகச் சொல்லியிருந்தால்கூட ஆட்டோரிமூவ் அதை மதிக்கும். அதாவது எங்கோ ஓர் எடிட்டர் ‘இதுவும் இருந்தால் நன்றாக இருக்கும்’ என்று போகிறபோக்கில் சொன்னதற்காக செத்துப்போன பைத்தான் 2-ஐ வருடக்கணக்கில் சுமந்துகொண்டிருப்போம். இந்த மாதிரி இருந்தால் தயங்காமல் பெயர் சொல்லியே நீக்கலாம், பரிந்துரை என்பது கட்டாயம் இல்லை, எதுவும் உடையாது.

இந்தக் கட்டத்தில் ‘ஆப்ட் லிஸ்ட்’ கட்டளைக்கு, மேற்கோளுக்குள் கேள்விக்குறி போட்டு ‘அப்சொலீட்’ என்று கொடுத்துப் பாருங்கள். இன்றைய ரெப்போ எதிலும் இல்லாமல் உங்கள் கணினியில் மட்டும் இருப்பவை எல்லாம் வரும். பைத்தான் 2-ஐத் தேடப் போய் 2017-இல் போட்ட ஏதோ ஒரு பிரிண்டர் டிரைவரையும் கண்டுபிடிப்பீர்கள்.

‘டிபெண்டென்சி பிராப்ளம்ஸ் ப்ரிவென்ட் ரிமூவல்’

ஆப்டுக்கு அடியில் இருக்கும் ‘டீபிகேஜி’ கருவியையே நேராகக் கொண்டு நீக்கியிருக்கிறீர்கள். ஆப்ட் யோசித்து மற்றதையும் சேர்த்து எடுக்கும், டீபிகேஜி யோசிக்காது, சொன்னதை மட்டும் செய்யும், முடியாவிட்டால் காரணத்தைக் கீழே எழுதிவிட்டு நிற்கும். அந்தக் காரணத்தில் இருக்கும் பெயர்களையும் அதே வரியில் சேர்த்துக் கொடுங்கள். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு பேக்கேஜ்களைத் தனித்தனியாக எந்த வரிசையிலும் எடுக்க முடியாது, ஒரே கட்டளையில் இரண்டையும் கொடுத்தால் சத்தமில்லாமல் போய்விடும்.

இணையத்தில் தேடினால் ‘ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ்’ போடு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். போட்டால் பேக்கேஜ் போகும், உண்மைதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவை தங்கள் கேள்வியை வாபஸ் வாங்கவில்லையே. அடுத்த முறை நீங்கள் சம்பந்தமே இல்லாத எதையோ நிறுவப் போனாலும் ஆப்ட் மறுத்துவிடும், முதலில் ‘ஃபிக்ஸ்-புரோக்கன்’ ஓட்டு என்று நிற்கும். அதை ஓட்டினால், பழையது ரெப்போவில் இருந்தால் திரும்ப நிறுவப் பார்க்கும், புக்வார்ம் மாதிரி இல்லாமலே போயிருந்தால் அதைக் கேட்டவற்றை நீக்கும். எப்படியும் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலைக்குத்தான் திரும்பி வருகிறீர்கள், நடுவில் ஒரு ராத்திரி போனதுதான் மிச்சம்.

‘ப்ரீ-ரிமூவல் ஸ்கிரிப்ட்’ பிழை, கூடவே சின்டாக்ஸ் எர்ரர்

இதை நானே எனக்கு வரவழைத்துக்கொண்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பஸ்டரில் ‘பைத்தான்’ என்று தட்டினால் 2.7 வந்து நிற்கும். எரிச்சலில் ஒருநாள் ‘யூஎஸ்ஆர்-பின்’ அடைவில் இருக்கும் அந்தப் பைத்தான் சிம்லிங்கை (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பை) 3-க்குத் திருப்பிவிட்டேன். மாதக்கணக்கில் எல்லாம் நன்றாகவே ஓடியது. பிறகு ஏதோ ஒரு சின்ன நூலகத்தை நீக்கப் போனபோது ‘பைக்ளீன்’ என்ற கோப்பில் சின்டாக்ஸ் எர்ரர் என்று வந்து நின்றது. எந்த பைக்ளீன்? நான் அப்படி ஒன்றை எழுதவே இல்லையே என்று அரை மணி நேரம் முழித்தேன்.

நடந்தது இதுதான். பைத்தான் 2-க்கான டெபியன் பேக்கேஜ்கள் நீங்கும்போது, தங்கள் கம்பைல் செய்த ‘பிஒய்சி’ கோப்புகளைச் சுத்தம் செய்ய பைக்ளீனைக் கூப்பிடும். பைக்ளீன் பைத்தான் 2-இல் எழுதியது, அதன் முதல் வரி ‘பைத்தான்’ என்று மட்டும் சொல்கிறது, 2 என்று சொல்லவில்லை. நான் சிம்லிங்கைத் திருப்பியதால் அது பைத்தான் 3-இடம் போய் நின்றது, ‘எக்ஸெப்ட்’ வரியில் பழைய பாணியில் காற்புள்ளி இருப்பதைப் பார்த்து 3 துப்பிவிட்டது. துப்பியதும் டீபிகேஜி நீக்குவதை நிறுத்திவிட்டது.

பைத்தான் 2.7 இன்னும் இருக்கிறது என்றால் சரிசெய்வது எளிது. சிம்லிங்கை ‘எல்என்’ கட்டளையால் (எஸ், எஃப் இரண்டையும் சேர்த்து) தற்காலிகமாக 2.7-க்கே திருப்புங்கள். ‘டீபிகேஜி’ கட்டளைக்கு ‘கான்ஃபிகர்’ ஆப்ஷனும் ஏ-யும் கொடுத்து அரைகுறையாக நிற்பவற்றை முடியுங்கள். அதன் பிறகு பைத்தான் 2 நூலகங்களையும் கடைசியில் 2.7-ஐயும் நீக்குங்கள். அப்புறம் ‘பைத்தான்’ என்று தட்டினால் 3 வர வேண்டும் என்ற ஆசைக்கு, புல்ஸ்ஐயில் இருந்து ‘பைத்தான்-இஸ்-பைத்தான்3’ என்றே ஒரு பேக்கேஜ் இருக்கிறது, அதைப் போட்டால் போதும். கையால் சிம்லிங்க் போடும் வேலை வேண்டாம்.

2.7 ஏற்கெனவே போய்விட்டது, ஆனால் ஸ்கிரிப்ட் மட்டும் தடுக்கிறது என்றால், ‘வார்-லிப்-டீபிகேஜி-இன்ஃபோ’ அடைவில் அந்தப் பேக்கேஜின் பெயரோடு ‘பிஆர்இஆர்எம்’ என்று முடியும் கோப்பைத் திறந்து படியுங்கள். பைக்ளீனைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வேலை இல்லை என்றால் இரண்டாவது வரியில் ‘எக்ஸிட் 0’ எழுதிச் சேமித்துவிட்டு மறுபடி நீக்கலாம், சில பிஒய்சி கோப்புகள் மிஞ்சும், அடைவு காலியாக இல்லை என்று எச்சரிக்கை வரும், பிறகு கையால் அழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஸ்கிரிப்ட் ஏதாவது சர்வீஸை நிறுத்துகிறது, கோப்பு இடமாற்றம் செய்கிறது என்றால் அந்த வரிகளை விட்டுவைத்து பைக்ளீன் வரியை மட்டும் எடுங்கள். டீபிகேஜியின் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பைத் திறந்து பேக்கேஜின் பத்தியையே வெட்டி எறிவது என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வெளியில் வாங்கிய ஒரு ‘டெப்’ பேக்கேஜ் கோப்பு மட்டும் பைத்தான் 2 கேட்கிறது

தெரிந்தவர் ஒருவரின் கடையில் ஸ்கேனரோடு வந்த மென்பொருள் இப்படித்தான். கொடுத்தவர்கள் புதிய பதிப்பு தருவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள், கடைக்காரருக்கோ அது இல்லாமல் வேலை நடக்காது.

முதலில் அதற்கு நிஜமாகவே பைத்தான் 2 வேண்டுமா, அல்லது ஏட்டில் மட்டும் கேட்கிறதா என்று பாருங்கள். ‘டீபிகேஜி’ கட்டளைக்குப் பெரிய எல் கொடுத்து அந்தப் பேக்கேஜின் கோப்புகளைப் பட்டியலிடுங்கள். பிஒய் என்று முடியும் கோப்பு ஒன்றுகூட இல்லை, பின் அடைவில் இருக்கும் எதன் முதல் வரியிலும் பைத்தான் என்ற பேச்சே இல்லை என்றால் அநேகமாக ஏட்டுக் கேள்விதான். அவருடையதில் இருந்தது ஐகானை மெனுவில் சேர்க்கும் ஒரே ஒரு குட்டி ஸ்கிரிப்ட், அதுவும் நிறுவும்போது மட்டும் ஓடுவது.

ஏட்டுக் கேள்விக்கு ஏட்டிலேயே பதில் சொல்லலாம். ‘ஈக்விவ்ஸ்’ என்ற கருவி உள்ளே எதுவுமே இல்லாத ஒரு பொம்மைப் பேக்கேஜைச் செய்து தரும். ‘ஈக்விவ்ஸ்-கன்ட்ரோல்’ ஒரு மாதிரிக் கோப்பைக் கொடுக்கும், அதில் பெயரையும் பதிப்பையும் நிரப்பி ‘ஈக்விவ்ஸ்-பில்டு’ ஓட்டினால் டெப் தயார். கவனிக்க வேண்டியது, ‘ப்ரொவைட்ஸ்’ வரியில் பைத்தான் என்று சும்மா எழுதினால், ‘2.7 அல்லது அதற்கு மேல்’ என்று எண்ணோடு கேட்பவருக்கு அது செல்லாது. பொம்மைக்கே பைத்தான் என்று பெயர் வைத்து, பதிப்பை 2.7.18-99 மாதிரி போட்டுவிடுங்கள், கேள்வி அடங்கிவிடும்.

இன்னொரு வழி, டெப் கோப்பையே பிரித்து ‘டிபெண்ட்ஸ்’ வரியில் இருந்து பைத்தானை எடுத்துவிட்டு மறுபடி கட்டுவது. ‘டீபிகேஜி-டெப்’ கட்டளையில் பெரிய ஆர் போட்டால் பிரியும், சிறிய பி போட்டால் கட்டும். பதிப்பு எண்ணின் கடைசியில் உங்கள் அடையாளமாக ஏதாவது ஒட்டிவிடுங்கள், பிறகு ஹோல்ட் போடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து எது அசல் எது நீங்கள் தைத்தது என்று உங்களுக்கே தெரியாது. எனக்கு இதுதான் பிடிக்கும், பொய் ஒரே ஒரு பேக்கேஜோடு நின்றுவிடுகிறது. பொம்மைப் பைத்தான் என்றால் கணினி முழுவதற்கும் சொன்ன பொய்.

நிஜமாகவே பைத்தான் 2-இல் ஓடுகிறது என்றால் இரண்டு வழியும் உதவாது, நிறுவும், திறந்தால் விழும். அதற்குப் பழைய டெபியனை ஒரு கண்டெய்னரிலோ விர்ச்சுவல் மெஷினிலோ போட்டு உள்ளே பூட்டி வைப்பதுதான் சரி. பஸ்டரின் நீட்டித்த ஆதரவும் 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் அதற்கு நெட்வொர்க் கொடுக்காமல் வைத்திருப்பது நல்லது.

நீக்கியாயிற்று, ஆனால் பட்டியலில் ‘ஆர்சி’ என்று நிற்கிறது

பேக்கேஜ் போய்விட்டது, செட்டிங் கோப்புகள் மட்டும் மிச்சம். ‘பர்ஜ்’ கொடுங்கள். யூஎஸ்ஆர்-லோக்கல் அடைவுக்குள் பைத்தான்2.7 என்று ஓர் அடைவு இருந்தால் அது நீங்கள் சூடோ போட்டு பிப்பில் (பைத்தானின் சொந்த நிறுவும் கருவியில்) நிறுவியவை, ஆப்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, கையால்தான் அழிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தது, ஒரு வாரம் கழித்து ஏதோ ஓடவில்லை

ஆப்டுக்குத் தெரிந்த சார்புகளை மட்டும்தான் இதுவரை பார்த்தோம். நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட், நண்பர் கொடுத்த ஸ்கிரிப்ட், கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதியில்) என்றோ போட்ட வரி, இவையெல்லாம் ஆப்டின் கணக்கிலேயே இல்லை. அவை கேட்டால் ‘என்வ்’ வந்து, பைத்தான் என்ற கோப்போ அடைவோ இல்லை என்று சொல்லி, 127 என்ற எண்ணோடு வெளியேறும். டெர்மினலில் என்றால் கண்ணில் படும், கிரானில் என்றால் படாது. அதனால் நீக்கும் முன்பே உங்கள் ஹோம் பின், யூஎஸ்ஆர்-லோக்கல்-பின், ஆப்ட்டுக்கு வெளியே ஓபிடி அடைவு, எட்சிக்குள் கிரான் அடைவுகள், சிஸ்டம்டி யூனிட்கள் எல்லாவற்றிலும் ‘க்ரெப்’ ஓட்டி, முதல் வரியில் பைத்தான் என்றோ பைத்தான்2 என்றோ இருக்கும் கோப்புகளை எடுத்துவையுங்கள். பழைய வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) அடைவுகளும் இதில் சேர்த்தி, அவை 2.7-ஐ நோக்கியே நிற்கும், திருத்த முடியாது, அழித்துவிட்டு 3-இல் புதிதாகப் போட வேண்டியதுதான்.

முதல் வரியை 3-க்கு மாற்றினால் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ‘பிரிண்ட்’ அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால் முதல் நொடியிலேயே கத்திவிடும், அது நல்லது. பயப்பட வேண்டியது கத்தாததற்கு. பைத்தான் 2-இல் ஐந்தை இரண்டால் வகுத்தால் 2, பைத்தான் 3-இல் 2.5. ஒரு பிழையும் வராது, விடை மட்டும் வேறு. எத்தனை பெட்டி, எத்தனை பக்கம், ஒருவர் பங்கு எவ்வளவு என்று முழு எண்ணை நம்பிக் கணக்குப் போடும் ஸ்கிரிப்ட் என்றால் சாய்கோடு வரும் இடத்தை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து, முழு எண் வேண்டிய இடத்தில் இரட்டைச் சாய்கோடு போடுங்கள். ‘2டு3’ கருவி இதைச் செய்து தராது, பிரிண்ட் போன்ற மேலோட்டமானவற்றைத்தான் மாற்றும். அதன் நூலகத்தையே பைத்தான் 3.13-இல் எடுத்துவிட்டார்கள், அதனால் அதை நம்பி இருப்பவர்கள் பழைய 3 இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

கிரானில் மாதம் ஒருமுறை ஓடுவது ஏதாவது இருந்தால் ஒன்றாம் தேதி வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கையால் ஒருமுறை ஓட்டி, போன மாதம் வந்த அவுட்புட்டோடு ‘டிஃப்’ போட்டுப் பாருங்கள்.